இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம்?

இலண்டன் மாநகருக்கும் சிங்கப்பூருக்கும் எவ்வளவு தூரம் என்று வினவினால், மைல் கணக்கில் விடை பகர்வோர் சிலர். மணிக் கணக்கில் விடை பகர்வோர் பலர். பூகோளம் படிக்கும் சிறுவன் 6,760 மைல் என்பான். சென்ற வாரம் போய்த் திரும்பிய கனவானோ, “14 மணி நேரம், ஐயா! கால் மரத்துப் போயிற்று” என்பார். இருவர் கூற்றும் மெய்யே. ஆயினும் இவ்விரண்டு கணக்கும் ஒன்றல்ல என்பதையும், ஒன்றிலிருந்து மற்றொன்றை வெறும் வகுத்தலால் பெற்றுவிட முடியாது என்பதையும் சிந்தித்தோர் மிகச் சிலரே. மைல் கணக்கு என்றும் மாறாதது. நேரக் கணக்கோ நூறாண்டுக்குள் 23 நாளிலிருந்து 13, 14 மணியாகச் சுருங்கியிருக்கிறது.

இச்சுருக்கத்துக்குக் காரணம் யாது? இயந்திரத்தின் வேகம் என்று எல்லோரும் ஒரே வாயாகக் கூறுவர். தோட்டத்துக் கிராணியாகிய நான் ஆள் கணக்கும் சம்பளக் கணக்கும் எழுதிப் பழகியவன்; எக்கணக்கையும் ஒரு முறைக்கு இருமுறை கூட்டிப் பார்ப்பது தொழிலால் வந்த வழக்கம். இவ்வானவழியின் கணக்கை அவ்வாறு கூட்டிப் பார்த்ததில், இயந்திரம் கொடுத்தது ஒரு பங்கே என்றும், மற்றொரு பங்கு கீழே கிடக்கும் நிலத்தை ஆளுவோர் கொடுத்ததும் மறுத்ததுமே என்றும் தெரியவந்தது. வழி ஆண்டவன் கையில் இருந்ததில்லை. ஆளுவோர் கையிலேயே இருந்துவந்திருக்கிறது.

முதலில் மைல் கணக்கை முடித்துவிடுவோம். சுவரில் தொங்கும் தேசப்படத்தில் இலண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் அளவுகோலை வைத்துக் கோடிழுத்தால், அது குறுக்குவழிபோலத் தோன்றும்; ஆனால் அன்று. உலகம் உருண்டை; படமோ தட்டை. பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையை எடுத்து, இலண்டன்மீது ஒரு நூலின் முனையைப் பிடித்து, மறுமுனையைச் சிங்கப்பூர்மேல் இழுத்து இறுக்கினால், அந்நூல் தானே போய்ப் படியுமிடந்தான் உண்மையான குறுக்குவழி. அவ்வாறு செய்து பார்ப்போர் வியப்படைவர். நூல் மத்தியதரைக் கடலையோ, சூயஸையோ, அரபு நாட்டையோ தொடுவதில்லை. ஜெர்மனி, போலந்து, உக்ரேனின் வடபாகம், ருஷ்யாவில் வால்கா நதி, ஆரல் கடலின் தென்புறம், ஆப்கானிஸ்தானம், காஷ்மீரம், கங்கைச் சமவெளி, வங்காள விரிகுடா என்று சென்று சிங்கப்பூரில் இறங்குகிறது. 6,760 மைல் என்பது இந்நூலின் நீளமே. இந்நூலை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், வானவழி ஏற்பட்டு நெடுங்காலம்வரை இந்நூல் கிடக்கும் வழியே எந்தப் பிரயாணியும் பறந்ததில்லை.

நிற்க. 1919ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி, இலண்டனை அடுத்த ஹௌன்ஸ்லோவிலிருந்து ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற ஆஸ்திரேலிய சகோதரர் இருவரும், பென்னெட், ஷியர்ஸ் என்ற இயந்திரக்காரர் இருவரும், விக்கர்ஸ் வைமி என்னும் இரட்டை இயந்திர விமானத்தில் புறப்பட்டனர். ஆஸ்திரேலிய சர்க்கார், தம் நாட்டார் எவரேனும் 30 நாளுக்குள் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து வந்தால் 10,000 பவுன் பரிசளிப்பதாக அறிவித்திருந்தது. அப்பரிசை நாடிப் புறப்பட்ட விமானங்கள் ஆறு. அவற்றுள் இரண்டு விழுந்து நால்வர் மாண்டனர். குறித்த காலத்துக்குள் போய்ச் சேர்ந்தது வைமி ஒன்றே. டிசம்பர் 4ஆம் தேதி, புறப்பட்ட 23ஆம் நாள், அது சிங்கப்பூர்க் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கிற்று. இன்று ஃபேரர் பார்க் என்று வழங்கும் இடம் அது. விமான நிலையம் என்பதே ஏற்படாத காலம். திடலோ சிறியது. விமானம் ஓடி நிற்பதற்கு இடம் போதாது என்று கண்ட பென்னெட், விமானம் இறங்கும்போதே தம் இருக்கையை விட்டு வெளியேறி, அதன் முதுகின்மீதே ஊர்ந்து வால்பக்கம் போய்ச் சேர்ந்தார். அவர் உடலின் பாரத்தால் வால் தாழ்ந்து தரையில் உராய, விமானம் நின்றது. புஷ்பக விமானத்தைப் பற்றிக் கதாகாலட்சேபம் செய்வோர், அது எங்கெங்கே எண்ணெய் பிடித்தது, இறங்குமிடம் குறுகியிருந்தால் வாலில் ஏறி உட்கார்ந்தவர் யார் என்று ஒருநாளும் கூறியதில்லை. ஸ்மித் சகோதரர்களின் பிரயாணத்துக்கோ நாள்வாரியாகக் குறிப்பு உண்டு.

சிங்கப்பூரை விட்ட பின் நிகழ்ந்த ஒன்றையும் கூறாமல் விட மனமில்லை. ஜாவாத் தீவில் சுரபாயாவில் இறங்கியபோது விமானம் சேற்றில் புதைந்துவிட்டது. புதிதாக நிரப்பிய நிலம். மேல்தளம் காய்ந்திருந்தாலும் அடியில் குழைசேறு. தள்ளியும் இழுத்தும் பயனில்லை. கடைசியில் அவ்வூர்க் குடியானவர்களின் வீடுகளிலிருந்து மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து வரிசையாக விரித்து, அப்பாய்களின்மேல் ஓடவிட்டுத்தான் விமானத்தை எழுப்பினார்கள். டிசம்பர் 10ஆம் தேதி அது டார்வின் சேர்ந்தது. சகோதரர் இருவருக்கும் சர் பட்டம் கிடைத்தது. பாய்கொடுத்த குடியானவர்களின் பெயரை எச்சரித்திரமும் எழுதி வைக்கவில்லை.

இப்பிரயாணம் முழுமைக்கும் ஆனவை ஏறக்குறைய 28 நாள். அதில் வானத்தில் பறந்த நேரம் எவ்வளவு? 135 மணிச் சொச்சம். அதாவது ஆறு நாளுக்கும் குறைவு. மற்ற 22 நாளும் தரையில் கழிந்தன. மழைக்குக் காத்தது, இருளுக்குக் காத்தது, எண்ணெய்க்குக் காத்தது, பழுதுபார்த்தது எல்லாம் அதில் அடங்கும். ஆகவே அக்காலத்தில் வேகத்துக்குத் தடை வானத்தில் இல்லை; தரையில் இருந்தது. இறங்குமிடங்களை ஒழுங்கு செய்தாலே பிரயாண காலம் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பதை வெள்ளையர் கணக்கிட்டு அறிந்துகொண்டனர்.

அந்த ஒழுங்குதான் எளிதில் கிட்டவில்லை. இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி 1929 மார்ச் 30ஆம் தேதி இலண்டன்–கராச்சி வழியைத் தொடங்கிற்று. ஏழு நாள் பிரயாணம். 130 பவுன் கட்டணம். இதனை ‘ஆகாயப் பிரயாணம்’ என்று விளம்பரம் செய்தார்கள். உண்மையில் பிரயாணிகள் இலண்டனிலிருந்து சுவிட்ஜர்லாந்தில் பாஸல் வரை பறந்து, அங்கு ரயிலேறி இத்தாலியில் ஜெனோவா போய், அங்கிருந்து பறக்கும் படகில் அலெக்ஸாண்டிரியா சென்று, அப்பால் மீண்டும் விமானம் ஏற வேண்டும். நடுவில் ரயில் எதற்கு? ஆல்ப்ஸ் மலை ஒரு காரணம். இத்தாலிய சர்க்கார் மற்றொரு காரணம். பின்னர்ப் பல ஆண்டுகள்வரை பாரிஸிலிருந்து பிரிண்டிசிவரை, இத்தாலியின் குதிகால் மட்டும், பிரயாணிகள் ரயிலிலேயே கொண்டுபோகப்பட்டனர். மலையைக் கடக்க இயந்திரத்துக்கு வலிமை வந்த பின்னரும் ரயில் நிற்கவில்லை. உடன்படிக்கை வந்த பின்னரே நின்றது.

பாரசீகமும் அவ்வாறே. முதலில் விமானங்கள் பாரசீகக் கரையோரமாகப் புஷயர், லிங்கே, ஜாஸ்க் என்று இறங்கிச் சென்றன. பாரசீக சர்க்கார் கொடுத்த அனுமதி தவணையோடு முடிந்தது. அதை நீட்டிக்க அவர்கள் இணங்கவில்லை. தம் நாட்டின் மேலே அந்நியன் நினைத்தபடி பறப்பதை மானமுள்ள அரசு விரும்பாதது இயல்பே. ஆகவே 1932இல் வழி முழுவதும் வளைகுடாவின் தென்கரைக்கு மாற்றப்பட்டது. குவெய்த், பஹ்ரைன், ஷார்ஜா என்று சிற்றரசர்களோடு பேசி, வாடகை கொடுத்து, இறங்குமிடம் பெற்றார்கள். ஷார்ஜாவில் மணல்வெளியின் நடுவே ஒரு விடுதி எழும்பிற்று. கொள்ளைக்காரருக்கு அஞ்சிக் கோட்டைபோலச் சுவரெழுப்பிக் கட்டிய விடுதி அது. மணிக்கு 100 மைல் வேகத்தில் பறந்த பிரயாணிகள் இரவில் அக்கோட்டைக்குள் படுத்துறங்கி, விடியலில் மீண்டும் புறப்பட்டனர்.

அப்பால் கல்கத்தா, இரங்கூன் என்று ஒவ்வோர் ஊராக நீண்ட வழி, 1933 டிசம்பர் 9ஆம் தேதி இலண்டனிலிருந்து புறப்பட்ட விமானத்தோடு சிங்கப்பூரை எட்டிற்று. கராச்சி, ஜோத்பூர், டில்லி, கான்பூர், அலகாபாத், கல்கத்தா, அக்யாப், இரங்கூன், பாங்காக், அலோர் ஸ்டார், சிங்கப்பூர் என்று இறங்குமிடங்களைப் படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. நூலின் நீளம் 6,760 மைல். இவ்வழியின் நீளமோ 8,000 மைலுக்கு மேல். சிங்கப்பூரில் இறங்கியது சிலேத்தாரில், விமானப் படையின் தளத்தில். கராச்சிக்குக் கிழக்கே ஓடிய அட்டலாண்டா விமானம் ஒன்பது பிரயாணிகளைத்தான் ஏற்றும். கப்பலில் மூன்று வாரத்துக்கு மேலான பிரயாணம் வானவழியில் எட்டொன்பது நாளாயிற்று. 1935இல் பிரிஸ்பேன்வரை பிரயாணிகளை ஏற்றத் தொடங்கினார்கள். இலண்டனிலிருந்து அங்கே செல்லக் கட்டணம் 195 பவுன்.

இந்த 195 பவுனை நம் கணக்கில் மாற்றிப் பார்த்தேன். அக்காலத்து நாணயமாற்று விகிதம், ஒரு வெள்ளிக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். அப்படியாயின் 195 பவுன் என்பது ஏறக்குறைய 1,670 வெள்ளி. பால்மரம் வெட்டும் ஆணுக்கு நாட்கூலி 50 காசு என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். உண்மையில் மந்தமான ஆண்டுகளில் அதுவும் கிடைக்கவில்லை. உண்ணாமலும் உடுக்காமலும், ஞாயிறும் திங்களும் பாராமலும், ஒரு நாள்கூட விடாமல் வேலை செய்தால், 3,340 நாள், அதாவது ஒன்பது ஆண்டுக்கு மேல், சேர்த்த கூலி ஒருவழிக் கட்டணத்துக்குச் சரியாகும்.

நம்மவர் வந்த வழியோ வேறு. சிங்கப்பூரிலிருந்து சென்னை, நூல்பிடித்த தூரம் 1,800 மைலே. இலண்டன் தூரத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். ஆனால் ராஜுலா முதலிய கப்பல்களின் மேல்தட்டில், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிய தமிழர், பினாங்கு தொட்டுச் சிங்கப்பூர் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேலாயிற்று. இறங்கியவுடன் ஊருக்குள் விட்டார்களா? பினாங்கில் புலாவ் ஜெரெஜாக், சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு என்று தடுப்புமுகாம்களில் அடைத்துவைத்து, நாள் கழிந்த பின்பே விட்டார்கள். ஆக, இலண்டன் துரைமகனின் கடிதம் 8,000 மைலுக்கு மேல் வந்துசேர்ந்த அதே காலத்தில், தஞ்சைத் தொழிலாளி 1,800 மைல்தான் வந்து சேர்ந்தான். இருவருக்கும் இடையே இருந்தது தூரத்தின் பேதமன்று, தரத்தின் பேதம்.

வானவழி தமிழ்நாட்டைத் தொடாமலே போயிற்று என்றும் சொல்வதற்கில்லை. 1932 அக்டோபரில் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தில் தபால் கொண்டுவந்தார். அதைப் பம்பாயில் பெற்று, பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் அவர் கூட்டாளியான நெவில் வின்சென்ட். இந்தியர் முயற்சியால் ஏற்பட்ட வழி என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆயினும் அது இலண்டன் தபாலைச் சென்னைக்குக் கொணர்ந்த கிளையேயன்றிச் சென்னையை மலாயாவோடு இணைத்த வழியன்று. சென்னையிலிருந்து வங்கக் கடல் தாண்டி நம் பக்கம் வர அப்பொழுது விமானமில்லை.

1937 ஜூன் 12ஆம் தேதி சிங்கப்பூரில் காலாங் விமான நிலையம் திறக்கப்பட்டது. சதுப்பு நிலத்தைத் தூர்த்து, தரையில் இறங்கும் விமானத்துக்குத் திடலும், நீரில் இறங்கும் பறக்கும் படகுக்குத் துறையும் ஒருங்கே அமைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டு பெரிய பறக்கும் படகுகள் ஓடத் தொடங்கின. 1938 பிப்ரவரியில் இங்கிலாந்திலிருந்து இந்தியா, இலங்கை, மலாயா நாடுகளுக்கு, அரை அவுன்ஸ் கடிதம் ஒன்றரைப் பென்ஸில், கூடுதல் கட்டணமின்றி விமானத்திலேயே செல்லும் ஏற்பாடும் வந்தது. கடிதத்துக்கு வானவழி திறந்த அதே 1938இல், ஜூன் மாதத்தில், கூலித் தகராறு காரணமாக இந்திய சர்க்கார் மலாயாவுக்கு உதவிபெற்று வரும் தொழிலாளருக்குக் கடல்வழியை அடைத்தது. அது நம் நன்மையை நாடிச் செய்ததே என்பதை மறுக்கவில்லை. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததை மட்டும் குறித்துவைக்கிறேன்.

அவ்வாண்டு நவம்பரில் நிகழ்ந்த இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆங்கிலேய விமானப் படையின் வெல்லெஸ்லி விமானங்கள் மூன்று எகிப்தில் இஸ்மாயிலியாவிலிருந்து ஒருங்கே புறப்பட்டன. அவற்றுள் இரண்டு எங்கும் இறங்காமல் 7,162 மைல் பறந்து, இரண்டு நாளில் டார்வின் சேர்ந்தன. ஒன்று எண்ணெய் குறைந்து திமோரில் இறங்கிற்று. 7,162 மைல் என்பது இலண்டன்–சிங்கப்பூர் தூரத்தைவிட அதிகம் என்பதைக் கவனிக்க. ஆகவே, இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு இறங்காமல் பறக்கத்தக்க ஆற்றல் 1938லேயே படைக்கு இருந்தது. பிரயாணிகளுக்கு அது கிட்ட மேலும் ஐம்பதாண்டு ஆயிற்று.

பின்னர் யுத்தம் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று, வானவழி அறுந்தது. ஆஸ்திரேலியாவை இங்கிலாந்தோடு மீண்டும் இணைக்க ஒரே வழிதான் எஞ்சியது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலிருந்து இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிக்கு, நடுவில் ஓரிடமும் இறங்காமல், ஏறக்குறைய 4,000 மைல் கடல்மேல் பறக்க வேண்டும். 1943 நடுவிலிருந்து 1945வரை குவாண்டாஸ் கம்பெனியார் ஐந்து கேட்டலினாப் பறக்கும் படகுகளைக் கொண்டு இதனை நடத்தினர். எண்ணெயின் பாரத்தால் மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. பகைவன் செவியில் படாதிருக்க வானொலியை அடக்கிவைத்து, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டனர். பிரயாணம் 27 மணி முதல் 32 மணிவரை நீண்டது. ஆதலால் வானத்திலேயே இருமுறை சூரியோதயம் கண்டார்கள். இன்றைய விமானங்கள் எவ்வளவோ தூரம் பறந்தாலும், மணிக்கணக்கில் அத்துணை நீண்ட பிரயாணத்தை நடத்தும் விமானக் கம்பெனி எதுவுமில்லை.

இங்கே ஒரு சிறு வினா. நாள் பார்த்து, ராகுகாலம் பார்த்து விமானச் சீட்டு வாங்குவோர் நம்மிடையே இன்றும் பலர். திங்கட்கிழமை காலை ஏழரை முதல் ஒன்பதுவரை ராகுகாலம் என்பார்கள். எந்தக் கடிகாரப்படி? சிங்கப்பூர்க் கடிகாரம் கிரீனிச்சுக்கு 7 மணி முந்தியிருந்தது. 1933இல் அதை 20 நிமிஷம் கூட்டினார்கள். 1941இல் மேலும் 10 நிமிஷம். ஜப்பானியர் வந்ததும் டோக்கியோ நேரமாக்கி ஒன்றரை மணி தள்ளினார்கள். அவர்கள் போனதும் பழையபடி வைத்தார்கள். 1982 ஜனவரி முதல் தேதி மலேசியாவும் சிங்கப்பூரும் அரைமணி முன்னே தள்ளிக்கொண்டன. ஒவ்வொரு முறையும் ராகுவுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்களா? கடிகாரம் பொய், சூரியோதயத்திலிருந்து கணக்கிட வேண்டும் என்று சாஸ்திரிகள் மறுமொழி கூறுவர். அது கேட்க நன்றாகவே இருக்கிறது. ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயம் கண்ட கேட்டலினா விமானி எந்த உதயத்திலிருந்து கணக்கிடுவான் என்பதையும் அவர்களே தெரிவிக்கட்டும்.

கடிகாரத்தைப் பற்றிப் பேசியதால் காலஅட்டவணை படிக்கும் முறையையும் சொல்லிவிடுவது நலம். சிங்கப்பூரில் இரவு 11:30க்குப் புறப்பட்டு இலண்டனில் காலை 6 மணிக்கு இறங்குவதாக ஓர் அட்டவணை காட்டினால், பிரயாணம் ஆறரை மணி என்று மயங்கலாகாது. இலண்டன் கடிகாரம் கோடையில் 7 மணியும், குளிர்காலத்தில் 8 மணியும் பின்தங்கியது. அதைக் கூட்டினால்தான் பதின்மூன்றரையோ பதினான்கரையோ என்று மெய்க்கணக்கு வரும். திரும்பி வரும்போது மேலைக்காற்று முதுகில் தள்ளுவதால் ஒரு மணி குறையும். போகிற தூரமும் வருகிற தூரமும் ஒன்றாயிருக்க நேரம் வேறாவது இதனால்தான்.

யுத்தத்துக்குப் பின் 1947 டிசம்பரில் குவாண்டாஸ் கம்பெனி கான்ஸ்டலேஷன் விமானங்களைக் கொண்டு சிட்னி–இலண்டன் வழியை நடத்திற்று. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று நான்கு நாள். ஐந்தாண்டுக்குள் வந்தது காமெட் என்னும் ஜெட் விமானம். 1952 அக்டோபரில் அது இலண்டன்–சிங்கப்பூர் வழியில் ஓடத் தொடங்கியதும், பிரயாணம் ஒன்றரை நாளுக்குள் அடங்கிற்று. உலகமே வியந்தது.

அந்த வியப்புக்கு விலைகொடுத்தவர்கள் நம் வழியில் சென்ற பிரயாணிகள். 1953 மே 2ஆம் தேதி, சிங்கப்பூரிலிருந்து இலண்டன் சென்ற காமெட் ஒன்று கல்கத்தாவை விட்டெழுந்த சில நிமிஷத்தில் இடிமழையில் சிதறி விழுந்தது; 43 பேர் மாண்டனர். 1954 ஜனவரி 10ஆம் தேதி, மீண்டும் சிங்கப்பூரிலிருந்து இலண்டன் சென்ற மற்றொரு காமெட் ரோமை விட்டெழுந்து எல்பாத் தீவருகே கடலில் வீழ்ந்தது, 35 பேர். அவர்களில் பத்துப் பேர் குழந்தைகள். விடுமுறை கழித்துப் பள்ளிக்கூடம் திரும்பியவர்கள். ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று விழுந்த பின்னரே காமெட்டுகள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. இங்கிலாந்தில் பார்ன்பரோ என்னுமிடத்தில் அறிஞர்கள் ஒரு முழு விமான உடலைப் பெரிய தொட்டி நீரில் அமிழ்த்தி, உள்ளே நீரை அழுத்தி ஏற்றியும் இறக்கியும், பல்லாயிர மைல் பறந்ததற்கு ஒப்பாக இரவும் பகலும் சோதித்தார்கள். ஏறக்குறைய 3,000 தடவைக்குப் பின் உடல் வெடித்தது. உயரப் பறக்கும் விமானத்துள் பிரயாணிகள் மூச்சுவிடக் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஒவ்வொரு பறப்பிலும் அதன் தகடு சிறிது விரிந்து சுருங்குகிறது. கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் ஒடிவதுபோல, ஜன்னல் முதலிய திறப்புகளின் மூலைகளில் தகடு களைத்து விரிந்துவிட்டது. அன்று அவர்கள் கண்டறிந்ததைக் கொண்டே பின்வந்த விமானங்கள் எல்லாம் கட்டப்பட்டன. நம்மில் ஒருவர் இன்று அச்சமின்றி ஜன்னலோரம் உட்கார்ந்து உறங்குவது அக்குழந்தைகளுக்குப் பட்ட கடனாகும்.

அடுத்து வந்த வேகம் வேறுவிதமாக முடிந்தது. ஒலியை முந்திய கான்கார்ட் விமானம் 1977 டிசம்பர் 9ஆம் தேதி இலண்டனிலிருந்து பஹ்ரைன் வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடத் தொடங்கிற்று. விமானத்தின் ஒரு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வர்ணம், மறுபக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வர்ணம்! பிரயாணம் ஏறக்குறைய 9 மணி. ஆனால் இந்தியா தன் நிலத்தின்மேல் அவ்வேகத்தில் பறக்க இசையாததால் கடல்வழியே சுற்ற வேண்டியிருந்தது. மலாக்கா நீரிணையின்மேல் அது எழுப்பும் இடியோசையை மலேசியா ஆட்சேபிக்க, மூன்றே முறை போய்வந்தபின் நின்றது. 1979 ஜனவரியில் மறுபடி தொடங்கி, நஷ்டம் தாங்காமல் 1980 நவம்பரில் ஒழிந்தது. நாள் பார்ப்போரின் கவனத்துக்கு: 1933இல் புறப்பட்டதும் டிசம்பர் 9, 1977இல் புறப்பட்டதும் டிசம்பர் 9. ஒன்று நிலைத்தது, மற்றொன்று நிலைக்கவில்லை.

ஆகவே வேகம் மேலும் கூடவில்லை; இறங்காமல் பறக்கும் ஆற்றலே கூடிற்று. 1980களின் இறுதியில் வந்த போயிங் 747-400 போன்ற விமானங்கள் சாங்கிக்கும் இலண்டனுக்கும் இடையே எண்ணெய் பிடிக்காமல் பறந்தன. 1991இல் சோவியத் ஆட்சி மறைந்தது. வடக்கேயிருந்த வானம் மெல்லத் திறந்தது. அப்பொழுதுதான், தொடக்கத்தில் நான் நினைவில் வைக்கச் சொன்ன அந்த நூல் கிடக்கும் பக்கமாகப் பிரயாணிகள் பறக்கலாயினர்.

அந்த நூலின்மேல்தான் பெருந்துயரும் நேர்ந்தது. 2014 ஜூலை 17ஆம் தேதி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூருக்கு வந்துகொண்டிருந்த மலேசிய விமானம் எம்.எச்.17 கிழக்கு உக்ரேனின்மேல் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. 298 உயிர், அவர்களுள் மலேசியர் 43 பேர். கீழே யுத்தம் நடந்துகொண்டிருந்தது. உக்ரேன் சர்க்கார் 32,000 அடிக்குக் கீழே மட்டும் வானத்தை மூடியிருந்தது; விமானம் பறந்ததோ 33,000 அடியில். அன்று அதே வழியில் வேறு பல கம்பெனிகளின் விமானங்களும் சென்றன. 1,000 அடி உயர வித்தியாசத்தைப் பாதுகாப்பு என்று காகிதத்தில் எழுதிவைத்தவர்களையும், அதை நம்பியவர்களையும் எண்ணும்போது மனம் கொதிக்கிறது. 2022இல் ஆம்ஸ்டர்டாம் நகருக்கருகே கூடிய நெதர்லாந்து நீதிமன்றம் மூவரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. மூவரும் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை.

அதே 2022 பிப்ரவரியில் உக்ரேன்மீது ருஷ்யா படையெடுக்க, அப்பகுதி வானம் முழுதும் அடைபட்டது. இலண்டன் விமானங்கள் மறுபடி தெற்கே வளைந்து துருக்கிப் பக்கமாகச் செல்லலாயின. அதற்கும் மூன்றாண்டு முன்னர், 2019 பிப்ரவரி இறுதியில், இந்தியாவோடு மூண்ட சச்சரவில் பாகிஸ்தான் தன் வானத்தைத் திடீரென்று மூடியபோது, சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு நேரே பறக்க வேண்டிய விமானங்கள் நெடுந்தூரம் சுற்ற நேர்ந்து, எண்ணெய்க்காக நடுவழியில் இறங்கின. ஒன்று இறங்கிய இடம் துபாய். 1932இல் மணல்வெளியில் எழுப்பிய ஷார்ஜாக் கோட்டை விடுதி அங்கிருந்து சில மைல் தூரத்தில்தான் இருக்கிறது. பழைய விமானங்களை வைத்து அதை இப்பொழுது காட்சிசாலையாக்கியிருக்கிறார்கள்.